உள்ளூராருக்கும் வழிப்போக்கருக்கும் ஒரே வாங்கு

(உயிலங்குளத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய ஆண்டு விழாக்களிலே கல்வியைப் பற்றியும் சமய ஒழுக்கத்தைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பிட்டும் சொதியும் ஆகும். விழா மேடையில் அடுப்படியைப் பற்றிய பேச்சா என்று எவரேனும் நகைப்பாராயின், காலையிலே பசியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, மடியிலுள்ள காசை எண்ணிப் பார்த்துக்கொண்டு, ஒரு கடையின் வாயிலிலே தயங்கி நின்ற அநுபவம் அவருக்கு வாய்த்திராது என்றே சொல்ல வேண்டும். ஒரு வேளை உணவு யாருக்கு, என்ன விலைக்கு, எந்த மரியாதையோடு கிடைக்கிறது என்பதைக் கொண்டே ஓர் ஊரின் தரத்தை அளந்துவிடலாம்.

நாம் சொல்ல வந்தது இதுதான். மன்னார்த் தீவுக்கு வருகின்ற உல்லாசப் பயணியும், அங்கே மூட்டை சுமக்கின்ற தொழிலாளியும், திருக்கேதீச்சரத்துக்குச் செல்கின்ற அடியாரும் ஒரே வாங்கில் அருகருகே இருந்து, தத்தமக்குக் கட்டுப்படியாகும் விலையிலே, உயிர்க்கொலை கலவாத உணவை உண்ணத்தக்க கடைகள் நம் பகுதியிலே பெருக வேண்டும். அவற்றை நடத்துவதற்கு வேண்டிய கைத்திறனும் விளைபொருளும் நம்மிடத்திலேயே இருக்கின்றன. வேண்டுவது நேர்மையும் துணிவுமே.

முதலில், வருகின்றவர் யார் என்பதைப் பார்ப்போம். மன்னார் எக்காலத்திலும் வழிப்போக்கரைக் கண்ட இடமாகும். 1914 ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. கொழும்பிலே புகைவண்டி ஏறியவர் கடல் கடந்து சென்னை வரை செல்ல அது வழி செய்தது. 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் போர் வந்தது. புகைவண்டிப் பாதையும் இல்லாமற் போயிற்று. 2015 மார்ச்சிலே தலைமன்னார்ப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. பள்ளிமுனையிலுள்ள முதிய பெருக்கமரத்தையும், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் புதுப்பித்த கோட்டையையும், இராமர் அணையின் மணற்றிட்டுகளையும் காண்பதற்கு மக்கள் வருகின்றனர். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 இலே ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரிகாலத்திலே அங்கு இறங்கும் பூநாரைகளைப் பார்ப்பதற்கென்றே தொலைதேசத்திலிருந்து வருபவரும் உளர்.

இப்படி வருபவர்களுள்ளே ஒரு சாரார் ஊன் உண்ணாதவர். அவர்களுள்ளும் சிலர் பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்குபவர். மேலைத்தேயத்திலே இவர்களை வீகன் என்பர். 1944 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர்தம் நண்பர்களும் ஒரு சங்கம் கூட்டி இப்பெயரை இட்டனர். தமிழிலே இதனை நனிசைவம் என்று வழங்குகின்றனர். பசுவைத் தாயாகப் போற்றி, பாலையும் நெய்யையும் கடவுளுக்குப் படைக்கின்ற நமக்கு இக்கொள்கை முழுவதும் உடன்பாடாகாமல் இருக்கலாம். ஆயினும், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாது உண்ண வேண்டும் என்று ஒருவர் கருதுவாராயின், அவரை நாம் அந்நியராக எண்ணலாகாது. திருக்குறளிலே புலான்மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுக்கப்பட்டிருத்தலை நீங்கள் அறிவீர்கள். அவர் வேறொரு பாதையால் நம் வாசலுக்கு வந்திருக்கின்றார், அவ்வளவே.

அவருக்கு எதைக் கொடுப்பது என்று திகைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சைவ உணவிலே தயிருக்கும் மோருக்கும் நெய்க்கும் பெரிய இடம் உண்டு. நம் நாட்டிலோ, அந்த இடத்திலே பெரும்பாலும் தேங்காய்ப்பால் நிற்கின்றது. அரிசிமாப் பிட்டு, இடியப்பம், சொதி, பருப்புக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், இலைக்கஞ்சி, குரக்கன் ரொட்டி, அவித்த கடலை, உழுந்து வடை, பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை என்று எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றிலே பாற்பொருள் எங்கே இருக்கிறது? நம் தாய்மார் கொள்கைப் பெயர் எதுவும் சூட்டாமலே தலைமுறை தலைமுறையாக இவற்றைச் சமைத்து வந்திருக்கின்றனர்.

மன்னாருக்கு மற்றுமொரு செல்வம் பனை. ஒடியல் மாவை நீரிலே ஊறவைத்துக் கசப்பை நீக்கிப் பிட்டு அவிக்கலாம், கூழும் காய்ச்சலாம். மீனும் நண்டும் இட்டுக் காய்ச்சுவதே பெருவழக்காயினும், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, கீரை, பழப்புளி, செத்தல் மிளகாய் ஆகியவற்றை இட்டு மரக்கறிக் கூழ் காய்ச்சும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பனங்கிழங்கு, பினாட்டு, பனங்கட்டி ஆகியவற்றைக் கடல் கடந்து வருபவர் வேறெங்கே காண்பார்? தன் ஊரிலே கிடைக்கும் தக்காளிச் சாறு ஊற்றிய மாப்பண்டத்தைத் தேடி அவர் இவ்வளவு தூரம் வரவில்லை. ஆகவே அவருக்காக நாம் புதிய சமையல் ஒன்றையும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கடைகளிலே மரக்கறி என்று சொல்லும் பல உணவுகளிலே மாசிக்கருவாடு மறைந்திருக்கின்றது. வழிப்போக்கர் ஒருவர், "அம்மா, சம்பலிலை மாசி போட்டிருக்கோ?" என்று கேட்டால், "கொஞ்சந்தான் ராசா, வாசத்துக்கு!" என்று விடை வரும். சிரிக்கின்றீர்கள். ஆனால் விரதம் இருப்பவருக்குக் கொஞ்சமும் நிறையவும் ஒன்றுதான். வேறொரு நாட்டவர் மொழி தெரியாமையால் கேட்கவும் இயலாது உண்டுவிட்டுப் பின்னர் அறிந்து வருந்துவார். ஆதலால், கடையின் முகப்பிலே ஒரு பலகை மாட்டி, எதிலே நெய் சேர்ந்தது, எதிலே பால் சேர்ந்தது, எதிலே இரண்டும் இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். மீன் பொரித்த தாச்சியிலே வடை சுடுதல் கூடாது. கரண்டியும் வேறாக இருத்தல் வேண்டும். இது பெரிய செலவன்று. சொன்ன சொல்லைக் காக்கும் பழக்கமே.

பசித்தவருக்கு உணவளித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்திலே மணிமேகலை அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்ற இடம் மணிபல்லவம் என்னும் தீவாகும். அதனை நம் நயினாதீவாகக் கருதும் அறிஞர் பலர். அக்காப்பியம் பௌத்த சமயத்தைச் சார்ந்ததாயினும், அப்பாத்திரம் சமயம் பார்த்துச் சோறு சுரக்கவில்லை. பின்னாளிலே இராமலிங்க அடிகள் 1867 ஆம் ஆண்டு வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகின்றது. நமக்கு அண்மையிலே, திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மடங்கள் சிவராத்திரிக் காலத்திலே அடியார்க்கு அமுதளித்து வந்ததைப் பெரியோர் அறிவர்.

அவ்வாறாயின் கடை எதற்கு, மடம் போதாதா என்று கேட்கலாம். மடத்துச் சோறு திருவிழாவுக்கு உரியது. நாள்தோறும் உழைப்பவன் நாள்தோறும் தருமம் உண்ண விரும்பமாட்டான், விரும்பவும் கூடாது. தன் கூலியிலே ஒரு பகுதியைக் கொடுத்து, "அக்கா, இரண்டு பிட்டும் கொஞ்சம் சொதியும் தாங்கோ" என்று நிமிர்ந்து நின்று கேட்கவே அவன் விரும்புவான். தருமம் பசியை ஆற்றும். நியாயமான விலையோ பசியையும் ஆற்றித் தன்மானத்தையும் காக்கும். மலிவான கடையின் பெருமை அதிலேதான் இருக்கின்றது.

இதற்கு வடமாகாணத்திலேயே நல்லதொரு முன்மாதிரி உண்டு. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நடந்துவரும் அம்மாச்சி உணவகங்களையே குறிப்பிடுகின்றோம். அம்மாச்சி என்பது தாயின் தாயை அன்போடு அழைக்கும் பெயர். கண்டிக்கு அருகே கன்னொறுவையிலே தொடங்கித் தென்னிலங்கையிலே ஹெல பொஜுன் என்ற பெயரிலே பரவிய முயற்சியின் வடபுலத்து வடிவம் இது. இங்கே சமைப்போரும் விற்போரும் பெண்களே. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மேடை. ஒருத்தி தோசை சுடுவாள், மற்றொருத்தி பிட்டு அவிப்பாள், இன்னொருத்தி இலைக்கஞ்சி காய்ச்சுவாள். உண்பவரின் கண்முன்னே சமையல் நடக்கின்றது. விற்பனையின் ஆதாயம் சமைத்தவளுக்கே சேர்கின்றது. உணவோ மரக்கறி உணவு. பொருளோ பெரும்பாலும் உள்ளூர் விளைவு.

இம்முறையிலே சில நுட்பங்களை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே ஆதலால் இடையிலே தரகு இல்லை. இரண்டாவது, ஒவ்வொருத்தியும் தனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டொரு பண்டங்களையே செய்வதால் பொருள் வீணாவது குறைவு. நாற்பது வகை உணவை எழுதி வைக்கும் கடையிலே மாலையிற் கொட்டப்படுவதன் விலையும் உண்பவர் தலையிலேதான் விழும். மூன்றாவது, பரிமாறுவதற்கு ஆள் இல்லை. உண்பவர் தாமே வாங்கி எடுத்துச் செல்கின்றார். நான்காவது, கண்முன்னே சமைப்பதால் சுத்தம் பற்றிய ஐயம் எழுவதில்லை. விலை குறைவதற்குக் காரணம் சமைப்பவளின் வயிற்றிலே அடிப்பது அன்று. வீண்செலவுகளை விலக்குவதே என்பதை இதனால் அறியலாம்.

கடல் கடந்த இரண்டு உதாரணங்களையும் சொல்வோம். தமிழ்நாட்டு அரசு 2013 பெப்ரவரியிலே சென்னையில் அம்மா உணவகங்களைத் தொடங்கியபொழுது, ஓர் இட்டலி ஒரு ரூபா, சாம்பார்ச் சாதம் 5 ரூபா, தயிர்ச் சாதம் 3 ரூபா என்று விலை வைத்தது. சுயஉதவிக் குழுப் பெண்களே அங்கும் சமைத்தனர். ஏழைகள் பெரிதும் பயன்பெற்றனர். ஆனால் அவ்விலைக்குப் பின்னால் பொதுப்பணம் நின்றது என்பதை மறத்தலாகாது. அரசின் கை நீளும் வரையே அவ்விலை நீளும். மற்றொன்று சிங்கப்பூரிலே சிராங்கூன் சாலையிலுள்ள கோமள விலாஸ். தீவு நகரமாகிய சிங்கப்பூரிலே 1947 ஆம் ஆண்டு முருகையா ராஜு என்பவர் நடத்தத் தொடங்கிய அச்சைவ உணவகம் இன்றும் நடைபெறுகின்றது. வேலை தேடிக் கடல் கடந்த தமிழருக்கும், உலகம் சுற்றி வருபவருக்கும் அங்கே ஒரே தோசைதான். உதவிப்பணத்தால் ஓங்கியதற்கு முன்னது உதாரணம். வாடிக்கையாளரின் நம்பிக்கையால் நிலைத்ததற்குப் பின்னது உதாரணம். நாம் முன்னதிடம் ஏழைமீது கொண்ட பரிவையும், பின்னதிடம் தன்காலில் நிற்கும் உறுதியையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

தன்காலில் நிற்றல் என்பதன் பொருளை 2022 ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. ஓராண்டுக்கு முன் நூறு ரூபா கொடுத்து வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா வேண்டியதாயிற்று. எரிவாயுவுக்காக வெற்றுச் சிலிண்டர்களோடு மக்கள் வரிசையிலே நின்றனர். பால்மா கிடைக்கவில்லை, தேநீர்க்கடைகளிலே வெறுந்தேநீரே கிடைத்தது. கோதுமை மாவின் விலையேற்றத்தாற் பாணின் விலையும் ஏறிற்று. இவை யாவும் கப்பலில் வருபவை. அக்காலத்திலே விறகடுப்பும், சொந்த வயலின் அரிசியும், வேலியோரத்து முருங்கையும், வளவுத் தென்னையும் உடையவர் வீட்டிலே அடுப்பு எரிந்தது. உள்ளூர் விளைவைக் கொண்டு சமைக்கும் கடைக்குக் கப்பல் பிந்துவதால் வரும் இடர் குறைவு.

ஆயினும் உள்ளூர்ப் பொருளுக்கும் தட்டுப்பாடு வரும். 2024 இன் இறுதியிலும் 2025 இன் தொடக்கத்திலும் தேங்காய் விலை உயர்ந்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் இடர்ப்பட்டனர். தேங்காய்ப்பாலையே நம்பிய சமையலுக்கு அது பெரிய அடி. அத்தகைய காலத்திலே சிக்கனம் அறிந்த கை வேண்டும். முதற்பாலை இறுதியிலே சேர்ப்பதற்கென எடுத்து வைத்து, இரண்டாம் மூன்றாம் பாலிலே காய்களை வேகவைப்பது நம் பாட்டிமார் கண்ட முறை. சொதி கிடையாத நாளிலே ரசம் வைக்கலாம். பழப்புளிக் குழம்பு வைக்கலாம். எள்ளையும் கச்சானையும் அரைத்துத் துவையல் செய்யலாம். பருவத்துக்கு ஏற்பப் பண்டத்தை மாற்றுபவரே மலிவு விலையைக் காப்பாற்ற வல்லவர்.

இவ்விடத்திலே உயிலங்குளத்தாராகிய நமக்கு உள்ள தொடர்பையும் சொல்ல வேண்டும். நம் ஊர் தீவிலே இல்லை. தீவுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, வயல்களின் நடுவிலே இருக்கின்றது. 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தம் ஏற்பட்டதற்குப் பிந்திய ஆண்டுகளிலே உயிலங்குளம் என்றால் சோதனைச் சாவடி என்றே பிற ஊரார் நம்மை அறிந்திருந்தனர். அந்நிலை நீங்கிற்று. இனி நம் பெயரை நெல்லால் அறியச் செய்வோம். கட்டுக்கரைக்குளத்து நீரிலே விளையும் நெல்லை மூட்டையாக விற்றுவிட்டு, அதே அரிசியை மாவாக அதிக விலைக்கு வாங்குவது என்ன வாணிகம்? நெல்லை நாமே புழுக்கி, குற்றி, இடித்து, வறுத்துத் தீவின் கடைகளுக்குக் கொடுப்போமாயின், அங்கே உண்ணப்படும் ஒவ்வொரு நீத்துப்பெட்டிப் பிட்டிலும் நம் ஊர் உழவருக்கு ஒரு பங்கு உண்டு. கீரையும் கத்தரியும் பயிரிடும் வீட்டுத் தோட்டங்களுக்கும் நாள்தோறும் கொள்வோர் கிடைப்பர்.

இனி, சற்றுக் கசப்பான செய்தி ஒன்றையும் மறைக்காது பேசுவோம். சைவக்கடை என்னும் பலகையைத் தொங்கவிட்டு, அதன் கீழே மனிதரைத் தடுத்து நிறுத்திய காலம் ஒன்று வடபுலத்திலே இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களைக் கடைக்குள் இருக்க விடாமலும், அவர்களுக்கு வேறு குவளையிலே வெளியிலே தேநீர் ஊற்றியும் அவமதித்தனர். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைத் தடுக்க இயற்றப்பட்ட பின்பும் அவ்வழக்கம் எளிதில் ஒழியவில்லை. 1960களிலே சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி முதலிய இடங்களிலே தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. உயிரைக் கொல்லாத உணவை விற்றுக்கொண்டு, உயிரோடு நின்ற மனிதனின் மானத்தைக் கொன்றது எந்தச் சைவம்? இதனை இந்து இளைஞர்களாகிய நாமே சொல்ல வேண்டும். பிறர் சொல்லும்வரை காத்திருத்தல் அழகன்று. நாம் விரும்பும் கடையிலே ஒரே குவளை, ஒரே தட்டு, ஒரே வாங்கு. அதற்கு இசையாதவர் எத்துணைச் சுத்தமாகச் சமைப்பினும் அக்கடையைச் சைவக்கடை என்று அழைக்க நாம் உடன்படோம்.

மன்னாரிலே இவ்வொரே வாங்குக்கு மற்றுமொரு பயனும் உண்டு. இது இந்துக்களும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அருகருகே வாழும் மாவட்டம். வெள்ளிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். நம்மவர் பலர் அன்று விரதம். தவக்காலத்து வெள்ளியிலே கத்தோலிக்கர் இறைச்சியை விலக்குவர். அன்றே இஸ்லாமியர் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வர். ஊன் கலவாத உணவிலே ஹலால் பற்றிய ஐயமும் அவர்களுக்குக் குறையும். மூன்று சமயத்தாரும் மனத்தடை இன்றி ஒன்றாக இருந்து உண்ணத்தக்க ஓர் உணவு உண்டென்றால், அது மரக்கறி உணவன்றோ? போராலும் இடப்பெயர்வாலும் பிரிந்திருந்த அயலவர் மீண்டும் ஒருவரையொருவர் அறிவதற்குக் கூட்டங்கள் போடுகின்றோம். ஒரு வேளை உணவை ஒன்றாக உண்பது அக்கூட்டங்களிலே பேசப்படும் பேச்சிலும் விரைவாகப் பயன் தரும்.

அதனாலேயே ஒரு வேண்டுகோள். மரக்கறி உணவை உயர்த்திப் பேசும்பொழுது மீனவரைத் தாழ்த்திப் பேசாதீர்கள். இத்தீவின் கரையோரக் குடும்பங்கள் கடலை நம்பி வாழ்பவை. விடிவதற்கு முன் வள்ளம் ஏறும் ஒருவன், கரை திரும்பியதும் சூடான இலைக்கஞ்சி குடிக்க நம் கடைக்கு வருவானாயின், அதுவே அக்கடைக்கு வெற்றி. அவன் வீட்டிலே என்ன சமைக்கின்றான் என்று கேட்பது நம் வேலையன்று.

இப்பொழுது விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உல்லாசப் பயணிகள் பெருகும் ஊர்களிலே முதலில் உயர்வது வீட்டு வாடகையும் சாப்பாட்டு விலையுமே. வெளிநாட்டு நாணயத்தைக் கண்டதும் நேற்றுவரை உள்ளூராருக்கு விற்ற பண்டத்துக்கு இன்று புதுப்பெயரும் புதுவிலையும் வந்துவிடும். வெள்ளைத் தோலுக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை என்பதும் நடக்கும். நாளடைவிலே உள்ளூரான் அந்தத் தெருவிலேயே உண்ண இயலாதவனாகிவிடுவான். தன் பாட்டியின் பிட்டைத் தான் வாங்கி உண்ண முடியாத நிலை ஒருவனுக்கு வந்தால், அந்த ஊருக்கு எத்தனை பயணிகள் வந்தும் என்ன பயன்? ஆதலால் விலைப்பட்டியல் வெளியிலே தொங்க வேண்டும். எல்லார்க்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். வசதியுள்ள விருந்தினர் மனமுவந்து கூடக் கொடுக்க விரும்பினால் அதற்கு ஓர் உண்டியலை வைத்து, அப்பணத்தைக் காசில்லாதவரின் கஞ்சிக்கு வரவு வைக்கலாம்.

உடல்நலம் பற்றியும் உண்மையையே சொல்ல வேண்டும். அரிசியோடு உழுந்தும் பயறும் கடலையும் சேர்கின்ற நம் உணவு, புரதத்தைப் பொறுத்தவரை ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் சிறந்த சேர்க்கையாகும். கீரையும் எள்ளும் குரக்கனும் சத்துத் தருவன. எனினும் பாலையும் முற்றாக விலக்குபவருக்கு விற்றமின் பி12 இயல்பான தாவர உணவிலே கிடைப்பதில்லை. அவர்கள் வைத்தியரின் ஆலோசனைப்படி அதனை வேறு வழியிலே பெற வேண்டும். சிறப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கவனமாக இருத்தல் வேண்டும். மற்றும், மரக்கறி என்ற ஒரே காரணத்தால் எதுவும் நலந்தருவது ஆகிவிடாது. பலமுறை கொதித்துக் கறுத்த எண்ணெயிலே சுட்ட வடையும் மரக்கறி உணவுதான். நல்ல பெயரின் பின்னே கெட்ட பண்டத்தை ஒளித்தல் ஆகாது.

இளைஞர்களே, இதிலே உங்கள் பணி என்ன? ஊரிலே போருக்குப் பின் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் தாய்மார் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் கைத்திறன் உண்டு. கடிதம் எழுதவும், கந்தோர்களுக்கு அலையவும், சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி பெறவும், வரவு செலவுக் கணக்கு எழுதவும் துணைதான் இல்லை. அத்துணையாக நீங்கள் நில்லுங்கள். மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை எழுதிக் கொடுங்கள். பொலித்தீன் தாளை விலக்கி வாழையிலையும் கழுவக்கூடிய தட்டும் வைக்க உதவுங்கள். நண்பர் கூடி மகிழும்பொழுது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பண்டத்தைத் தேடிப் போகாமல், நம் தாய்மாரின் கடையிலே காசு கொடுத்து உண்ணுங்கள். கடன் சொல்லிச் செல்லாதீர்கள். சிறுகடையைக் கொல்வதற்குச் சினேகிதரின் கடனைப் போன்ற ஆயுதம் வேறில்லை.

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். வீட்டுப் பெண் கடையிலே நின்று விற்பதா என்று தடுக்காதீர்கள். அவள் விற்பது அவளது உழைப்பை. அதிலே இழிவு எதுவும் இல்லை. மறந்து போகின்ற பண்டங்களின் செய்முறையை இளையவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். பினாட்டுப் பாணியும், சாமைக் கஞ்சியும், ஒடியற் பிட்டும் உங்கள் நினைவோடு போய்விட்டால், பின்பு அவற்றை எந்தப் புத்தகத்திலிருந்து மீட்பது?

கோயிலிலே தீபம் ஏற்றுவது போலவே பசித்தவருக்காக அடுப்பேற்றுவதும் ஒரு வழிபாடாகும். நேர்மையான சட்டி, நியாயமான விலை, வேற்றுமை பாராத வாங்கு ஆகிய மூன்றும் அமைந்த கடை ஒன்று ஓர் ஊரிலே இருந்தால், அவ்வூருக்கு வரும் வழிப்போக்கர் அதன் கடற்கரையை மறந்தாலும் அக்கடையை மறவார். அங்கேயே வாழ்பவரோ அதனைத் தம் வீடென்று எண்ணுவர். அத்தகைய கடைகள் மன்னார்ப் பட்டினத்திலும், தலைமன்னார் வழியிலும், திருக்கேதீச்சரச் சந்தியிலும், இப்பெருந்தெருவிலும் பெருகுமாறு நம் சங்கம் முன்னின்று உழைக்க வேண்டும் என்று கேட்டு எமது உரையை முடிக்கின்றோம்.